மௌனம் பச்சை விளக்காகுமா?

"என் மனச்சான்று என்னை உறுத்தவில்லை." இன்று மிக எளிதாகச் சொல்லப்படுகிற, மிக எளிதாக ஏற்றுக்கொள்ளப்படுகிற சொற்றொடர் இது. நீதிமன்றப் படிக்கட்டில் நின்று அரசியல் தலைவர் சொல்கிறார். பாகப்பிரிவினை முடிந்த வீட்டில் அண்ணன் சொல்கிறான். வேலையாளுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிய முதலாளி சொல்கிறார். சொன்ன மாத்திரத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. மனச்சான்று என்பது மனிதர் தம் இறைவனோடு தனித்திருக்கும் திருவிடம் என்று நாம் கற்றிருக்கிறோம். அங்கிருந்தே தடை வரவில்லையென்றால், மேற்கொண்டு கேட்க யாருக்கு உரிமை?

ஆயினும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உறுத்தவில்லை என்பது ஒன்று. சரியென்று தெளிந்தது என்பது வேறொன்று. முன்னது மௌனம், பின்னது சாட்சி. மௌனத்தைச் சாட்சியாகக் கொள்ளலாமா? அறநெறி இறையியலின் பழைய கேள்விகளுள் ஒன்றாகிய இதற்கு, எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் நல்ல விளக்கம் கிடைக்கிறது. மாதிரி இரயில் அமைப்போரின் மேசைதான் அந்த இடம்.

மேசைமேல் ஒரு சிறு உலகம்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்த ஆண்கள் பலர் ஓய்வு நேரத்தில் மாதிரி இரயில்களை அமைக்கிறார்கள். உண்மை அளவில் 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிய இஞ்சின்கள், பெட்டிகள், நிலையங்கள், பாலங்கள் அனைத்தும் ஓர் அறைக்குள் அடங்கிவிடும். இதைக் குழந்தை விளையாட்டென்று தள்ளிவிட முடியாது. தேர்ந்தவர்கள், உண்மை இரயில்வேயின் விதிநூலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிக்னல் விளக்கும் எப்போது எந்த நிறம் காட்ட வேண்டுமென்று ஆராய்ந்து அமைக்கிறார்கள்.

அவர்கள் முதலில் கற்கும் பாடம், விளக்கின் தோற்றம் வேறு, அதன் பொருள் வேறு என்பது. நம் நாட்டில் இரட்டை மஞ்சள் விளக்கு எரிந்தால், அடுத்த சிக்னலைக் குறைந்த வேகத்தில் கடக்க ஆயத்தமாக இரு என்று பொருள். இங்கிலாந்தில் அதே இரட்டை மஞ்சள், அடுத்த சிக்னல் ஒற்றை மஞ்சள் காட்டுகிறது என்று முன்னறிவிக்கிறது. கண்ணுக்குத் தெரிவது ஒன்றே. பொருளைத் தருவது விதிநூல். மனச்சான்றும் அவ்வாறே பயிற்றுவிக்கப்பட வேண்டியது. உள்ளத்தில் எழும் கலக்கமோ நிம்மதியோ தானாகத் தன் பொருளைச் சொல்லிவிடாது.

இரண்டாம் பாடம் இன்னும் கூர்மையானது. தண்டவாளத்தின் ஒரு பகுதியில் வண்டி இருக்கிறதா இல்லையா என்பதைச் சிக்னல் எப்படி அறியும்? மாதிரி இரயில்களில் பெரும்பாலும் கையாளப்படும் முறை இது: தண்டவாளத்தைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் மின்சாரத்தை இழுக்கிறதா என்று ஒரு கருவி கவனிக்கும். இஞ்சினின் மோட்டார் மின்சாரத்தை இழுத்தால், அங்கே வண்டி இருக்கிறது; சிவப்பு எரியும். எதுவும் இழுக்கவில்லையென்றால், பாதை காலி, பச்சை எரியும்.

இதில் இரண்டு குறைகள் உண்டு. மோட்டார் இல்லாத சரக்குப் பெட்டி மின்சாரத்தை இழுப்பதில்லை. ஆகவே பாதையின் நடுவே தனியாக விடப்பட்ட பெட்டி, கருவியைப் பொறுத்தவரை இல்லாத பெட்டி. இதைத் தவிர்க்க, பெட்டியின் சக்கரங்களுக்கிடையே சிறிய மின்தடை ஒன்றை வைத்துவிடுகிறார்கள். அது சொட்டளவு மின்சாரத்தை இழுக்கும். அந்தச் சொட்டே 'நானும் இங்கே இருக்கிறேன்' என்று அறிவிக்கும். இரண்டாவது குறை, கம்பி ஒன்று அறுந்துவிட்டால் அந்தப் பகுதியில் எதுவுமே மின்சாரத்தை இழுக்க முடியாது. அப்போது நடுவில் இஞ்சினே நின்றாலும் கருவி 'காலி' என்று சொல்லும். அதாவது, மாதிரி இரயிலில் மௌனம் என்றால் பச்சை. மேசைமேல் அதனால் பெரிய கேடு இல்லை. கவிழ்ந்த பெட்டியைக் கையால் எடுத்து நிறுத்திக்கொள்ளலாம்.

வெறுமையும் சாட்சி சொல்ல வேண்டும்

உண்மை இரயில் பாதையில் இந்த முறை தலைகீழாக மாற்றப்பட்டது. அதன் வரலாறு ஒரு சிறு மாதிரியோடு தொடங்குகிறது. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் தானியங்கிச் சிக்னல் அமைப்பு ஒன்றை உருவாக்கி, 1870-இல் நியூயார்க் பொருட்காட்சியில் அதன் மாதிரியைக் காட்டினார். அதைக் கண்ட இரயில் நிறுவனத்தார் பென்சில்வேனியாவில் கின்சுவா என்னுமிடத்தில் அதை அமைக்கச் செய்தனர். வண்டி வந்தால்தான் மின்சாரம் பாயும். அப்போதுதான் சிவப்பு விழும். நன்றாகவே இயங்கியது. ஆனால் அதைச் செய்தவரே அதன் குறையைக் கண்டுகொண்டார். கம்பி அறுந்தால், மின்கலம் தீர்ந்தால், வண்டியிலிருந்து பெட்டியொன்று கழன்று பின்தங்கினால், சிக்னல் 'வழி திறந்திருக்கிறது' என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

ராபின்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற புதிய முறை இதை மாற்றியது. பாதை காலியாக இருக்கும்போதுதான் மின்சாரம் பாய வேண்டும். ஒரு முனையில் உள்ள மின்கலத்திலிருந்து புறப்படும் மின்சாரம், ஒரு தண்டவாளம் முழுவதும் சென்று, மறுமுனையிலுள்ள மின்காந்தத்தைத் தூக்கி நிறுத்தி, மற்றொரு தண்டவாளத்தின் வழியே திரும்பி வர வேண்டும். அப்படி வந்தால்தான் செல்லலாம் என்ற சைகை. வண்டி நுழைந்தால் அதன் சக்கரமும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கே மறித்துவிடும், மின்காந்தம் தன் பிடியை விட்டுவிடும், சிவப்பு எரியும். கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும், தண்டவாளமே முறிந்தாலும் அதே சிவப்புதான். இன்றளவும் உலகெங்கும் ஏராளமான இருப்புப் பாதைகளைக் காத்துவரும் கோட்பாடு இது.

இதன் உட்பொருளைக் கவனிப்போம். வெறுமையும் தன்னைத் தானே நிரூபிக்க வேண்டும். 'யாரும் இருப்பதாகத் தெரியவில்லை' என்பது போதாது. 'முழுவதும் சென்று பார்த்து வந்தேன், யாரும் இல்லை' என்ற செய்தி வேண்டும். இங்கே மௌனம் என்றால் சிவப்பு. விளக்கே எரியாத சிக்னலைக் கண்டால், அது காட்டக்கூடிய மிகக் கடுமையான கட்டளையைக் காட்டுவதாகவே ஓட்டுநர் கொள்ள வேண்டும் என்பது இன்றும் விதி.

இந்த ஞானம் எளிதில் வரவில்லை. இங்கிலாந்தில் அந்நாளில் சில பாதைகளில் கைகாட்டி மரங்கள் வழக்கமாக இறங்கியே இருக்கும். ஆபத்து நேரும்போது மட்டும் உயர்த்தப்படும். அதாவது, தடை சொல்லாதவரை அனுமதி. 1876 சனவரி 21-ஆம் நாள், ஆபட்ஸ் ரிப்டன் என்னும் ஊரருகே கடும் பனி பொழிந்தது. சிக்னல்காரர் நெம்புகோலை ஆபத்து நிலைக்குத் தள்ளினார். ஆனால் கைகாட்டியின் கை, பனி உறைந்து மரத்தின் பிளவிலேயே சிக்கிக்கொண்டது. உள்ளே இருந்தவர் தடை சொல்லிவிட்டதாக நம்பினார். வெளியே ஓட்டுநருக்கு அனுமதியே தெரிந்தது. விரைவு வண்டி, பாதையில் நின்ற நிலக்கரி வண்டிமேல் மோதியது. எதிர்த்திசையிலிருந்து வந்த மற்றொரு விரைவு வண்டி அந்தச் சிதைவின்மேல் மோதியது. அதன் பிறகே, கைகாட்டியின் இயல்பான நிலை 'நில்' என்பதாக இருக்க வேண்டுமென்ற எண்ணம் வலுப்பெற்றது.

உறைந்த கைகாட்டி

நம் மனச்சான்றும் உறைவதுண்டு. பழக்கம் என்னும் பனி ஒரே நாளில் விழுவதில்லை. மெல்ல மெல்லப் படியும். உண்மையையும் நன்மையையும் தேடுவதில் அக்கறையற்றவரிடத்தும், பாவப் பழக்கத்தாலும், மனச்சான்று படிப்படியாகப் பார்வையிழக்கும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில் எச்சரித்தது. பார்வையிழந்த மனச்சான்று கூச்சலிடாது. அது அமைதியாகவே இருக்கும்.

தாவீது அரசரை நினைத்துக்கொள்வோம். உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட பிறகு, நாத்தான் இறைவாக்கினர் வருவதற்குள் குழந்தையே பிறந்துவிடுகிறது. அத்தனை மாதங்கள் அரசவை நடந்தது, வழிபாடும் நடந்திருக்கும். அவர் நெஞ்சம் கலங்கியதாக அந்த வரலாறு ஒரு சொல்லும் கூறவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையைக் கேட்டுச் சினம் பொங்குகிறது. அக்கதை தம்முடையது என்று மட்டும் தெரியவில்லை. அறவுணர்வு இறந்துபோகவில்லை, தன் பக்கம் திரும்பும் கம்பி மட்டும் அறுந்திருந்தது.

இலாசர் உவமையிலும் ஒன்றைக் கவனிக்கலாம். செல்வர் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ இயேசு சொல்லவில்லை. உவமை முழுவதிலும் இலாசர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. மோட்டார் இல்லாத பெட்டியைப் போல, அவர் எதையும் தம் பக்கம் இழுக்கவில்லை. எனவே செல்வரின் உள்ளத்தில் எந்த விளக்கும் சிவக்கவில்லை. அவரிடம் கேட்டிருந்தால், 'என் மனச்சான்று உறுத்தவில்லை' என்று உண்மையாகவே சொல்லியிருப்பார்.

நம் வீடுகளுக்கு வருவோம். பத்து ஆண்டுகளாக ஒரே கூலிக்கு உழைக்கும் வேலைக்காரப் பெண்ணைப் பற்றி, "அவள் ஒருநாளும் கூட்டிக் கேட்டதில்லை" என்கிறோம். மருமகள் கொண்டுவந்த நகையைப் பற்றி, "நாங்கள் கேட்கவேயில்லை, அவர்களாகவே போட்டார்கள்" என்கிறோம். பெண்ணின் தந்தை எந்த நிலத்தை விற்றார் என்று நாம் விசாரித்ததில்லை. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம், சாதிக்கொரு தேர்த் தெரு என்று இன்னும் வைத்திருக்கும் ஊர்களில், "காலங்காலமாக இருப்பது, இதுவரை யாரும் குறை சொன்னதில்லை" என்கிறோம். மூன்றும் ஒரே வாதம்: எதிர்ப்பு வரவில்லை, ஆகவே வழி திறந்திருக்கிறது. இது மேசைமேல் ஓடும் வண்டிக்குரிய வாதம். நாமோ மனிதர் நிறைந்த பாதையில் ஓட்டுகிறோம்.

அப்படியானால் நகரவே முடியாதா?

இங்கே நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று எழும். மனச்சான்றின் மௌனத்தையெல்லாம் சிவப்பு விளக்காகக் கொண்டால், யாரால் ஓரடி எடுத்து வைக்க முடியும்? ஒவ்வொரு செயலையும் பாவமோ என்று அஞ்சி, அறிக்கையிட்ட பாவத்தையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டு, இறைவனை இரக்கமற்ற காவலராக எண்ணி வாடும் நல்ல உள்ளங்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை மற்றுமொரு சுமையாகிவிடக் கூடாது.

திருச்சபை இக்கேள்வியோடு நெடுங்காலம் போராடியிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இரு தரப்பினர் இருந்தனர். சட்டத்திற்கு எதிராகச் சிறிதளவு காரணம் கிடைத்தாலும் போதும், விரும்பியதைச் செய்யலாம் என்றனர் தளர்வாளர்கள். சிறிதளவு ஐயம் இருந்தாலும் சட்டத்தின் பக்கமே நிற்க வேண்டும் என்றனர் கடுமையாளர்கள். திருத்தந்தை பதினோராம் இன்னசென்ட் 1679-இல் தளர்வாளரின் கூற்றுகளைக் கண்டித்தார். திருத்தந்தை எட்டாம் அலெக்சாண்டர் 1690-இல், மிகவும் ஏற்கத்தக்க கருத்தைக்கூடப் பின்பற்றலாகாது என்ற கடுமையாளரின் கூற்றையும் கண்டித்தார். எல்லாவற்றுக்கும் பச்சையும் தவறு. எல்லாவற்றுக்கும் சிவப்பும் தவறு. பின்னர் நடுவழியைத் தெளிவாக வகுத்தவர் புனித அல்போன்ஸ் மரிய லிகோரி. வழக்கறிஞராக இருந்து குருவானவர். வாழ்நாளில் தாமே மனச்சான்றின் அச்சங்களால் வாடியவர். உண்மையிலேயே ஐயத்துக்குரியதாக உள்ள சட்டம் மனிதரைக் கட்டுப்படுத்தாது என்று அவர் கற்பித்தார். அறநெறி இறையியலாருக்கும் ஒப்புரவு அருளடையாளம் வழங்குவோருக்கும் பாதுகாவலராக 1950-இல் அவர் அறிவிக்கப்பட்டார்.

ஆனால் இந்த விடுதலைக்கு ஒரு வரம்பு உண்டு. பிறருடைய உயிர், பிறருடைய உரிமை, அருளடையாளம் செல்லுபடியாவது ஆகியவை இடையே நிற்கும்போது, ஐயத்தில் பாதுகாப்பான வழியையே பின்பற்ற வேண்டும். குருமடத்தில் எல்லோரும் கேட்ட பழைய எடுத்துக்காட்டு இது: புதரில் அசைவது மானோ மனிதரோ என்று ஐயுறும் வேட்டைக்காரர் அம்பை எய்யக் கூடாது.

வியப்பென்னவெனில், இரயில்வேயும் அனுபவத்தால் இதே வேறுபாட்டுக்கு வந்து சேர்ந்தது. நம் நாட்டின் புறநகர்ப் பாதைகளில், 'ஏ' என்ற எழுத்து தாங்கிய தானியங்கிச் சிக்னல்களைக் காணலாம். அது சிவப்புக் காட்டினால் ஓட்டுநர் நிற்க வேண்டும். பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் காத்திருந்து, ஒலி எழுப்பி, குறைந்த வேகத்தில், தடை எதைக் கண்டாலும் அதற்கு முன்பே நிறுத்திவிட ஆயத்தமாக, மெல்லச் செல்லலாம். ஆனால் பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தையும், தண்டவாளம் பிரிந்து சேரும் இடத்தையும் காக்கும் சிக்னல் சிவப்பாயிருந்தால், உரியவரின் அனுமதியின்றி ஒரு சக்கரமும் உருளக் கூடாது. மற்றொருவரின் பாதை நம் பாதையைக் குறுக்கிடும் இடம் அது.

மனச்சான்றுக்கும் இவ்விரு சிக்னல்களும் பொருந்தும். என் நோன்பு, என் செபம், என் ஓய்வு ஆகியவற்றில் ஐயம் எழுந்தால், நின்று எண்ணி, கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு செல்லலாம், இறைவன் தந்தை. ஆனால் வேலையாளின் கூலி, பெண்ணைப் பெற்றவரின் கடன், ஒதுக்கப்பட்டவரின் மாண்பு என்று மற்றொருவரின் வாழ்வு குறுக்கிடும் இடத்தில், 'உறுத்தவில்லை' என்பது அனுமதியாகாது.

அயல் கம்பியின் மின்சாரம்

மௌனத்தைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. 1988 திசம்பர் 12-ஆம் நாள் காலை, இலண்டனில் கிளாப்பம் சந்திப்பருகே, நின்றிருந்த வண்டிமேல் மற்றொரு வண்டி மோதி 35 பேர் இறந்தனர். ராபின்சன் வகுத்த கோட்பாட்டின்படி அமைந்த சிக்னல்தான் அது. ஆயினும் வண்டி பாதையில் இருந்தபோதே அது செல்லலாம் என்று காட்டியது. சீரமைப்புப் பணியின்போது, அகற்றியிருக்க வேண்டிய பழைய கம்பியொன்று வெட்டி ஒதுக்கப்படாமல் விடப்பட்டது. அது மீண்டும் பழைய இடத்தில் உரசி, வரக்கூடாத மின்சாரத்தைச் செலுத்தியது. அப்பணியைச் செய்தவர் பதின்மூன்று வாரங்களில் ஒரே ஒருநாள் மட்டுமே விடுப்பு எடுத்திருந்தார் என்பதை விசாரணை வெளிக்கொணர்ந்தது. கம்பிகளை வேறொருவர் தனியே எண்ணிச் சரிபார்த்திருந்தால் தவறு தெரிந்திருக்கும் என்பதையும் அது காட்டியது. நம் நாட்டில் 2023 சூன் 2-ஆம் நாள், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்குப் பாகாநாகா பசாரில் நேர்ப்பாதைக்கான பச்சை விளக்கு எரிந்தது; தண்டவாளமோ சரக்கு வண்டி நின்ற கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கும் விசாரணை சுட்டியது, சிக்னல் கம்பிகளை மாற்றியமைத்ததில் நேர்ந்த பிழைகளையே.

மனச்சான்றுக்கும் அயல் கம்பிகள் உண்டு. ஊராரின் பாராட்டு, குடும்பப் பெருமை, 'எல்லோரும் இப்படித்தான்' என்ற ஆறுதல், ஆலயத்துக்குக் கொடுத்த பெரும் நன்கொடையால் வரும் நிறைவு ஆகியவை உண்மையான பாதையிலிருந்து வராத மின்சாரம். ஆயினும் விளக்கைப் பச்சையாக எரிய வைத்துவிடுகின்றன. அப்போது மனச்சான்று மௌனமாய்க்கூட இருப்பதில்லை. 'நீ நல்லவன்' என்று உரத்தே சொல்கிறது. தம்மிடம் குற்றம் எதையும் காணாதபோதும் அதனாலேயே தாம் குற்றமற்றவராகிவிடவில்லை என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதன் ஆழம் இங்கே புரிகிறது. தம் கம்பிகளைத் தாமே எண்ணி முடிக்க எவராலும் இயலாது. நாத்தான் தேவை. உண்மை பேசும் மனைவியோ, நண்பரோ, ஆன்ம குருவோ தேவை.

இதற்கு வழி அச்சம் அன்று, கேட்பது. மின்சாரம் மறுமுனைவரை சென்று திரும்புவதுபோல, நம் கேள்வி மற்றவரிடம் சென்று, அவருடைய விடையோடு திரும்ப வேண்டும். வேலைக்காரப் பெண் கேட்கட்டும் என்று காத்திராமல், "இந்தக் கூலி உனக்குப் போதுமா, அம்மா?" என்று நாமே கேட்க வேண்டும். அவள் அச்சத்தால் "ஒன்றுமில்லை, ஐயா" என்று சொல்லக்கூடும். ஆகவே அஞ்சாமல் பேசும் நிலையையும் நாமே உண்டாக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் கடைசியில் நிற்பவருக்கு முதலில் பேசும் வாய்ப்பைத் தருவது, பங்குப் பேரவையில் குரலற்றவருக்கு இடம் ஒதுக்குவது, திருமணப் பேச்சில் பெண் வீட்டாரின் கடனை விசாரிப்பது ஆகிய யாவும், மோட்டார் இல்லாத பெட்டியின் சக்கரத்தில் வைக்கும் அந்தச் சிறு மின்தடை போன்றவையே. சொட்டளவுதான்; ஆனால் அதுவரை இல்லாதவராய் இருந்தவர், அதனால் இருப்பவராகிறார்.

இரவுச் செபத்தில் மனச்சான்றை ஆராயும்போது, "இன்று எது என்னை உறுத்தியது?" என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். நல்ல கேள்விதான். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வோம்: "இன்று யாரை நான் கேட்காமலே கடந்து சென்றேன்?" விடை ஒரு பெயராக வரும். மறுநாள் காலையில் அந்த வாசலுக்குச் சென்று கேட்பதுதான் அந்தச் செபத்தின் மீதிப் பாதி.